தேவேந்திரன் கண்ணுக்குக் கூடிய பஞ்சாயத்து

காசிமேட்டில் மகள் வீட்டில் இருக்கும் மச்சான் செங்கல்வராயனுக்கு, மாமல்லபுரம் குப்பத்திலிருந்து மாரி கும்பிட்டு எழுதச் சொல்வது. எழுதுகிறவள் மருமகள் பரிமளா. பிழை இருந்தால் அவளுடையது, கோபம் இருந்தால் என்னுடையது. இங்கு நானும் உன் தங்கச்சி குப்பம்மாவும் சுகம். உன் மூட்டுவலியும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, கட்டுமரம் போனவனுக்கெல்லாம் பைபர் போட் கொடுத்தார்களே, அந்த வருசக் கடைசி மழையில் கொளவாய் ஏரி ரொம்பிச் செங்கல்பட்டுப் பஸ்ஸெல்லாம் நின்றுபோனதே, அந்த மழை விட்டதும் ஆரம்பித்தது இந்தப் பேஜாரு. என் மகன், உன் மருமகன் தேவேந்திரனுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி என்பது உனக்குத் தெரியும். வலை எடுக்கப் போனவன் முகத்தில் அலை ஒரு அறை விட்டது, கண்ணாடி மீனுக்குப் போய்விட்டது. சும்மா திரும்பி வரவேண்டியவன், கைக்குக் கிடைத்த வலையை இழுத்திருக்கிறான். பக்கத்து போட் தர்மராஜ் பாய்ந்து வந்து, "இன்னாடா, என் வலைய நீ இழுத்துகினு கீற?" என்று அவன் ஒருபக்கம் இழுக்க, இவன் ஒருபக்கம் இழுக்க, வலைக்கு அடையாளமாகக் கட்டிய கொடி மூங்கிலோடு பிய்த்துக்கொண்டு அலையில் போய்விட்டது. நம் கொடி பச்சை, அவன் கொடி நீலம். பஞ்சாயத்தில் என்ன கலர் என்று கேட்டால் நம் பிள்ளை, "கொடியே தெர்ல, கலரு எங்க தெரியும்?" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தான். அடுத்தவன் வலையில் கை வைத்தால் நம் ஊரில் என்ன பேர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலை தர்மராஜுக்கு, நம் பிள்ளை கண் சரியாகும்வரை போட்டில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு.

தீர்ப்புச் சொன்னவர்கள் அத்தோடு விட்டார்களா? வைத்தியத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நாவலூரில் கண்ணாடி தேவைப்படாதபடி கண்ணுக்கு லேசர் வைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஊர்ப் பெரியவர் நாட்டார் ரவிச்சந்திரன் தலைமையில் ஊரே மீன் வண்டியில் ஏறியது. ஏசி அறையில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டன. டாக்டரம்மா பிரபாவதி, "இதுல யாருங்க பேஷண்ட்?" என்றாள். லேசரில் எத்தனை வகை என்று நாட்டார் கேட்க, இரண்டு என்று பொறுமையாகச் சொன்னாள். ஒரு வகையில் கருவிழிமேல் மெல்லிசாக மூடி மாதிரி வெட்டித் தூக்கி, உள்ளே லேசர் வைத்து, திரும்ப மூடிவிடுவது. மறுநாளே பார்வை வரும். இன்னொன்றில் மூடி கிடையாது. மேல்தோலைச் சுரண்டிவிட்டு லேசர். நாலு நாள் எரியும், தெளிய வாரக்கணக்காகும். நாட்டார் அங்கேயே கை தூக்கச் சொன்னார். சீக்கிரம் கடலுக்குப் போகலாம் என்று பாதிப் பேர் மூடிக் கட்சி. தர்மராஜ் சுரண்டல் கட்சி. ஏன் என்று கேட்டால், "எரியட்டும்" என்றான். டாக்டரம்மா மெஷினில் பார்த்துவிட்டு, கருவிழி மெல்லிசு, அலை அடிக்கிற தொழில் வேறு, மூடி நகர்ந்துபோகும், இவருக்குச் சுரண்டுவது ஒன்றுதான் என்றாள். "அப்போ எதுக்கும்மா ரெண்டு சொன்ன?" என்றார் நாட்டார். "நீங்கதானே கேட்டீங்க!" நாட்டார் எழுந்து நின்று, சுரண்டல் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்.

லேசர் வைத்தது கொஞ்ச நேரம்தான். அதற்கப்புறம்தான் கூத்து. கண்ணில் மிளகாய் அப்பின மாதிரி பிள்ளை துடித்தான். எரிச்சல் நின்றபிறகும் எல்லாம் பனிமூட்டம் என்றான். டாக்டரம்மா அப்படித்தான் இருக்கும் என்றாள், ஆனாலும் உன் தங்கச்சி சாப்பிடவில்லை. மூடிக் கட்சிக்காரர்கள் வாசலில் வந்து, "நாங்க அப்பவே சொன்னமே" என்று துக்கம் விசாரித்தார்கள். கடலும் போச்சு, கண்ணும் போச்சு என்று நானும் உள்ளுக்குள் உடைந்துவிட்டேன். ஒருநாள் காலை நாஸ்தா வைத்துக்கொண்டிருந்த உன் தங்கச்சியை அவன் உற்றுப் பார்த்து, "எம்மா, உன் மூக்குத்தியில ஒரு கல்லு காணோமே" என்றான். அது விழுந்து வருசமாகிறது மச்சான், எங்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை. அவள் தட்டைப் போட்டுவிட்டு அழுதாள். எனக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது. டாக்டரம்மா சரி என்றபிறகு, இன்று விடியலில் கடலுக்குப் போயிருக்கிறான்.

கடலம்மா உன்னையும் மகளையும் பேரப்பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். தர்மராஜ் மேல் எனக்கு வருத்தமில்லை, வலை அவனுடையதுதானே.

இப்படிக்கு,
மாரி (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடச் சொன்னேன், பரிமளா கை வலிக்கிறது என்கிறாள். தேவேந்திரன் இப்போதுதான் கரை வந்தான். கோயில் பாறை இடுக்கில் செருகிக் கிடந்த மூங்கிலைத் தூரத்திலிருந்தே பார்த்து எடுத்து வந்திருக்கிறான். அன்றைக்குப் பிய்ந்துபோன அதே கொடி. பச்சை! அவன் இழுத்தது நம் வலை. தர்மராஜ் கொடியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இது நீலந்தான்டா!" என்று சத்தியம் செய்கிறான். கருவிழிக்குப் பின்னால் அவனுக்கு வெள்ளையாகப் புரை தெரிகிறது. ஊரே சொன்னாலும் கேட்கமாட்டானாம். இந்தக் கொடிக் கலர்களை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தவர்கள் வந்து சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவானாம். மீன் வண்டி தயாராக நிற்கிறது. நீ உடனே புறப்பட்டு வா. அன்று கொடிக்குத் துணி கிழித்துக் கொடுத்தவர்களில் அவன் அப்பன் போய்விட்டான், என் அண்ணன் போய்விட்டான், ஏசுதாஸும் போய்விட்டான். மிச்சம் உயிரோடு இருப்பது செங்கல்வராயா, நீ ஒருத்தன்தான்.