ஓஸ்திப் பேழை இல்லை, ஹோஸ்டிங் பேனல்

சேசு மரி சூசை காவலில்,
பொம்மிடி, சனிக்கிழமை.

அன்பிற்குரிய தம்பி இன்னாசிக்கு, கூடப்பிறந்த அக்காள் மிக்கேலம்மாள் ஆண்டவர் பேரால் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். தங்கவயலில் உன் முழங்காலும் உன் வீட்டுக்காரியின் சர்க்கரையும் எந்த அளவில் இருக்கின்றன என்று மறைக்காமல் எழுது. போனில் பேசினால் நான் சொல்வது ஒன்றும் உன் காதில் விழுவது ஒன்றுமாகப் போகிறது, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் எழுத்தை விட்டுவிட்டு அர்த்தத்தை எடுத்துக்கொள்.

முதலில் என் பேரப்பிள்ளைகள் விஷயம். ஃபிராங்க்ளினுடைய மூத்த மகன் அருள்ராஜ், ஓசூர் கம்பெனியில் வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாதவன் என்று மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது நம் கூடத்தில் மாட்டியிருக்கிறது, ஐந்து நிமிஷம் முந்தி ஓடுகிறது, அவனும் எதிலும் அப்படித்தான். அடுத்தவள் ஜாய்ஸ் நர்சிங் முடித்து பெங்களூரில் இருக்கிறாள். அவள் ஊசி போட்டால் குழந்தைகள் அழுவதில்லை என்று பெரிய டாக்டரே சொன்னாராம். கடைக்குட்டி டோனி மறைக்கல்வித் தேர்வில், சுற்றியுள்ள பங்குகள் எல்லாம் சேர்ந்த மறைவட்டத்திலேயே முதலாவது, சாக்கு ஓட்டத்தில் இரண்டாவது. முதலாவதாக வந்த பையனின் சாக்கில் கால் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்ததை ஊரே பார்த்தது, ஆனாலும் நான் யாரிடமும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. மூன்றாவது சில்வியா பி.சி.ஏ. முதல் வகுப்பில் தேறியவள். இந்தக் கடிதம் அவளைப் பற்றியது.

போன கடிதத்தில் ஒரு தவறு எழுதிவிட்டேன். அதைத் திருத்துவது என் கடமை. சில்வியா சேலத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள், கோயிலுக்கு நற்கருணைப் பேழை செய்கிற வேலை என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா, அப்படி இல்லை. அவள் போனில் யாரிடமோ "ஹோஸ்டிங் பேனல கண்டெய்னருக்குள்ள வெக்கணும்" என்று நாலைந்து தடவை சொன்னது என் காதில் விழுந்தது. பூசையில் நாக்கில் வாங்குகிறோமே ஓஸ்தி அப்பம், அதை இங்கிலீஷில் ஹோஸ்ட் என்பார்கள் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். கண்டெய்னர் என்றால் பெட்டி என்பது, நம் நெடுஞ்சாலையில் போகிற லாரியைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஓஸ்தியை வைக்கிற பெட்டி பேழை அல்லாமல் வேறென்ன? தெருக்காரர்கள் ஜெபிக்கக் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் சொன்னேன். சாமியாரிடமும் சொன்னேன், அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சில்வியாவைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார், எதற்கு என்று அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. நீயும் சும்மா இல்லாமல் உங்கள் ஊர் சாமியாரிடம் சொல்லி, கிளைக் கோயிலுக்கு ஒன்று வேண்டும், உயரம் பதினெட்டு அங்குலம், கதவில் ஆட்டுக்குட்டி, பூட்டு பித்தளை என்று அளவு எழுதி அனுப்பிவிட்டாய். அது புதன்கிழமை வந்து சேர்ந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு நேராக அவள் அறைக்குப் போனேன்.

"சில்வியா, தங்கவயல் தாத்தா ஆர்டர் குடுத்திருக்கார்டி. பூட்டு பித்தளையில வேணுமாம். சாவி நீங்களே குடுத்துருவீங்களா?"

"எதுக்கு ஆயா பூட்டு?"

"ஓஸ்திப் பேழைக்கு."

அவள் கடிதத்தை வாங்கி ஆட்டுக்குட்டி வரைக்கும் படித்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், அழுதுவிட்டாள். "அது ஓஸ்தி இல்ல ஆயா, ஹோஸ்டிங்கு. அதுவும் வரமாட்டேங்குது. வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள அத ஓட வெச்சுக் காட்டலன்னா எனக்கு வேலயே இல்ல."

அப்போதுதான் எனக்கு முழு விஷயமும் தெரிந்தது. கம்பெனியில் அவளை ஆறு மாதம் தற்காலிகமாக வைத்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த ஆறு மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மேலாளர் கோவிந்தன் சார் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார், அதில் தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் என்ன என்பதை அவள் அப்பன் ஃபிராங்க்ளின் முன்பே முடிவு செய்துவிட்டான். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிற தையல் கம்பெனி வண்டியில் சில்வியாவுக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருந்தான். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன், நம் ஊரில் பாதி வீட்டில் அந்த வண்டியால்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் அவள் தைக்கப் பிறந்தவள் இல்லை, தம்பி. டோனியின் சட்டைக்கு அவள் பொத்தான் தைத்தால் பொத்தானோடு அவள் பாவாடையும் சேர்ந்து வருகிறது.

வேலை என்னவென்று எனக்கு அவள் விளங்கவைத்ததை உனக்கும் சொல்கிறேன். கடைக்காரர்கள், பள்ளிக்கூடக்காரர்கள் எல்லாம் இன்டர்நெட்டில் ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அவற்றையெல்லாம் குடிவைக்கிறதுதான் ஹோஸ்டிங். நம் கிணற்று மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர், ஃபியூஸ், மெயின் எல்லாம் ஒரே பலகையில் இருக்கிறதே, அதுபோல அந்தப் பக்கங்களையெல்லாம் ஒரே இடத்தில் நின்று திறக்கவும் மூடவும் ஒரு பலகை உண்டு, அதுதான் பேனல். அதை நேராகக் கம்ப்யூட்டரில் வைத்தால் ஏதாவது கெட்டால் எல்லாம் கெடும். அதனால் லினக்ஸ் என்கிற ஏற்பாட்டில், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓர் அறையைத் தடுத்து அதற்குள் வைக்கிறார்கள். அந்த அறைக்குத்தான் கண்டெய்னர் என்று பெயர். அதில் ஆட்டுக்குட்டிக்கு இடமில்லை. இதை உங்கள் சாமியாரிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

புதன்கிழமை மத்தியானம் முதல் தடங்கல். பேனல் உள்ளே போக மறுத்தது. நான் "ஏன்டி?" என்று கேட்டேன். "உள்ள ஏற்கெனவே அப்பாச்சி இருக்குது ஆயா, அத வெளிய எடுத்தாதான் நான் வருவேங்குது" என்றாள். அருள்ராஜ் ஊருக்கு வந்தபோது விட்டுப்போன அப்பாச்சி மோட்டார் சைக்கிள் நடையில்தான் நின்றுகொண்டிருந்தது, அவள் அறைச் சுவரை ஒட்டி. நான் ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டு வண்டியைப் புளியமரத்தடிக்குத் தள்ளச் சொன்னேன்.

"ஏம்மா, வண்டிக்கும் அவ கம்ப்யூட்டருக்கும் என்னம்மா?"

"உனக்கென்னடா தெரியும்? தள்ளுன்னா தள்ளு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினான். பத்து நிமிஷத்தில் உள்ளேயிருந்து சில்வியா, "போயிருச்சு ஆயா! அப்பாச்சி போயிருச்சு, இப்ப ஏத்துக்குது!" என்று கத்தினாள். நான் ஃபிராங்க்ளினை ஒரு பார்வை பார்த்தேன். அப்பாச்சி என்று ஒரு புரோகிராமும் உண்டு, அதைத்தான் அவள் எடுத்தாள் என்று நேற்றுத்தான் சொன்னாள். இருந்தாலும் வண்டியை நான் திரும்ப உள்ளே விடவில்லை.

வியாழக்கிழமை பெயர்ப் பிரச்சினை. வெறும் பெயரை ஒத்துக்கொள்ளாதாம், நடுவில் புள்ளி வைத்து, பெயர், குடும்பம், ஊர் போல மூன்றும் சேர்ந்த முழுப் பெயர் வேண்டுமாம். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அப்படித்தானே கேட்கிறார்கள், அதில் எனக்கு ஆச்சரியமில்லை. அது முடிந்ததும் இன்னொன்று. ஆளுக்கு இவ்வளவு இடம் என்று உள்ளே பாகம் பிரித்துக் கொடுக்கப் பார்த்தாள், முடியாது என்று சொல்லிவிட்டது. "உள்ள நான்தான் ரூட்டு ஆயா. ரூட்டுன்னா எல்லா அதிகாரமும் இருக்கிற ஆளு. ஆனா இந்த கண்டெய்னருக்கு வெளிய அந்த அதிகாரம் செல்லாது. இடத்த பிரிக்கிறது வெளிய இருக்கறவன் கையில இருக்கு" என்றாள். மற்றதெல்லாம் எனக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இது ஒரே தடவையில் விளங்கியது. உன் மச்சான் உயிரோடு இருந்த நாற்பத்தோரு வருஷமும் நான் இந்த வீட்டில் அந்த ரூட்டாகத்தான் இருந்தேன். "அப்ப பாகம் பிரிக்கறத விட்டுட்டு மத்ததப் பாருடி, நான் அப்படித்தான் குடும்பம் நடத்துனேன்" என்றேன். அவள் அந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் திரையில் வரிவரியாக ஓட ஆரம்பித்தது. நெல் கொட்டுகிற மாதிரி ஓடியது. அவள் இரண்டு நாளாகத் தலைக்கு ஊற்றவில்லை, "ஆயா, இது ஓடறது நின்னா என்னக் கூப்புடு, எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் ஜெபமாலையோடு எதிரில் உட்கார்ந்தேன். மாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டும்போது கரண்ட் போனது. அந்த லேப்டாப்பின் பேட்டரி பழையது, கரண்ட் போனால் வெகுநேரம் தாங்காது. நான்காவது பத்தை உருட்டும்போது ஓட்டம் நின்றது. கடைசியில் கொஞ்சம் எழுத்து மட்டும் தனியாக நின்றது. "சில்வியா! நின்னுருச்சுடி!" என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மூலையில் ஒரு சின்னப் படம் சிவப்பாகிவிட்டது. சிவப்பு என்றால் நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். தனியாக நிற்கிற எழுத்து முக்கியமான எழுத்தாகத்தான் இருக்கும் என்று தோன்றியது, காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து அதன் முதுகில் அப்படியே பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஐந்தாம் வகுப்பில் கான்வென்ட் மதர் சொல்லிக்கொடுத்த ஏ பி சி டி அன்றைக்குத்தான் முதல் தடவையாக உதவியது. அதில் பாதி எழுத்தை மதர் சொல்லிக்கொடுக்கவே இல்லை, அவற்றைக் கோலம் போலப் போட்டேன். நான் கடைசி எழுத்தைப் போட்டு முடிக்கவும் திரை கறுத்துப் போகவும் சரியாக இருந்தது.

சில்வியா ஈரத் தலையோடு ஓடி வந்தாள். "ஆயா! பாஸ்வேர்டு! அது ஒரே ஒரு தடவதான் காட்டும்!" நான் தாளை நீட்டினேன். அவள் அதை ஈரம் படாமல் இரண்டு விரலால் வாங்கினாள்.

கரண்ட் மூன்றரை மணிக்கு வந்தது. அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஃபிராங்க்ளின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். மறுபடி திறந்து பார்த்தால் பேனல் உள்ளே நன்றாக உட்கார்ந்திருந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. அவள் முதல் தடவை அடித்தாள், தப்பு என்றது.

"இது எல் எழுத்தா, ஒண்ணாம் நம்பரா ஆயா?"

"கோடுடி. கோட்டப் பாத்தேன், கோடு போட்டேன்."

"ரெண்டு கோடு இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சா? நல்லா யோசி. இன்னும் ரெண்டு தடவ தப்பாப் போட்டா பூட்டிக்கும்."

நான் கண்ணை மூடி யோசித்தேன். முன்னால் இருந்த கோட்டுக்கு மேலே இடது பக்கமாகச் சின்ன மூக்கு இருந்தது, பின்னால் இருந்ததற்கு இல்லை, அவசரத்தில் மூக்கை விட்டுவிட்டேன். அதைச் சொன்னேன். "அப்ப மொதல் ஒண்ணு, ரெண்டாவது எல்" என்று அடித்தாள். திறந்துவிட்டது. அப்போது மணி நாலு பத்து, அருள்ராஜ் கடிகாரத்தில் நாலேகால்.

கோவிந்தன் சார் வீடியோவில் வந்தார். "வந்துருச்சா சில்வியா? சரிங்க, சும்மா ஒரு சைட்டு ஏத்திக் காட்டுங்க பாக்கலாம்" என்றார். கையில் தயாராக எதுவும் இல்லை. அவள் போனில் இருந்த நம் குடும்பப் படங்களை எடுத்து, "எங்க ஆயா வூடு" என்று தலைப்புப் போட்டு, என் படத்தை மேலேயும் மற்றவர்களைக் கீழேயும் வரிசையாக வைத்து ஏற்றினாள். சார் பார்த்துவிட்டு, "யாருங்க இவங்க, மேல இருக்கறவங்க?" என்றார். "பாஸ்வேர்டு எழுதி வெச்சவங்க சார்" என்றாள். அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல், "ஆர்டர் மெயில்ல வரும். திங்கக்கெழமயில இருந்து நீங்க பெர்மனென்ட்டு" என்றார். ஃபிராங்க்ளின் வாசலுக்கு வெளியே போய் யாருக்கோ போன் போட்டான். "வண்டியில அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. பொண்ணுக்கு கம்பெனியில போட்டுட்டாங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பி வந்தவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

அந்தப் பக்கத்தில் நம் குடும்பத்தார் எல்லோரும் இருக்கிறோம், நீ இல்லை. உன் படம் என்று இங்கே இருப்பது உன் கல்யாணப் படம் ஒன்றுதான், அதில் நீ தும்மிக்கொண்டிருக்கிறாய். "தாத்தாவ ஒரு நல்ல போட்டோ போஸ்ட் பண்ணச் சொல்லு ஆயா" என்று சில்வியா சொன்னாள். உறைக்குள் ஒரு அட்டை வைத்து, மடங்காமல் தபாலில் போடு.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். மாதா உங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
மிக்கேலம்மாள்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் இதை எழுத வேண்டியதாகிவிட்டது. சற்று முன்பு சில்வியா காப்பி குடித்துக்கொண்டே ஒரே ஒரு வரி தட்டி அந்தக் கண்டெய்னரை அடியோடு அழித்துவிட்டாள். பேனல், பாஸ்வேர்டு, மூக்கு வைத்த கோடு, எல்லாம் போயிற்று. நான் போட்ட சத்தத்தில் ஃபிராங்க்ளின் மண்வெட்டியோடு ஓடி வந்தான். "அது ஒத்திக பாத்தது ஆயா. நெசமானத கம்பெனி மெஷின்ல திங்கக்கெழம கட்டுவேன். வழி தெரிஞ்சுபோச்சு, இனிமே அர மணி நேர வேல. கண்டெய்னர்னா அதுக்குத்தான், வேணாம்னா ஒடச்சுட்டு வேற கட்டிக்கலாம்" என்கிறாள். மூன்று நாள் ஜெபம், தம்பி. நான் மெதுவாக, "அதுக்குள்ள இருந்த நாமெல்லாம்?" என்று கேட்டேன். "நம்ம படமெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு ஆயா, வூடு மட்டுந்தான் போச்சு" என்றாள். ஆகவே எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம், நீ ஒருவன்தான் இன்னும் எங்கேயும் இல்லை. அரை மணி நேரத்தில் கட்டிவிடுவாளாம். அதற்குள் புதுப் படம் ஒன்று, தும்மாமல் எடுத்து, போஸ்ட் பண்ணு.