கோழி ஒழுங்கு உபகுழு

நாகரிகம் எங்கே பிறந்தது என்று எங்கள் ஊர் ஷரிபுதீன் மாஸ்டரிடம் கேட்டால் நைல் நதி, சிந்து நதி என்று ஏதாவது சொல்லுவார். படித்த மனிதர், அப்படித்தான் சொல்லுவார். ஆனால் உண்மை வேறு. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தோராம் ஆண்டில், கல்முனைக்குத் தெற்கே எங்கள் ஊரில், கச்சிமுகம்மது ஹாஜியார் வீட்டு விறாந்தையில், ஒரு கோழி முட்டையிலிருந்துதான் நாகரிகம் பிறந்தது. பிறந்த நேரத்தில் நான் அதே விறாந்தையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

ஹாஜியார் அப்போதுதான் சிங்கப்பூர் போய் வந்திருந்தார். போனவர் ஒரு கசெற் றேடியோவும், பிளாஸ்ரிக் பூக்களும், ஒரு கொள்கையும் கொண்டு வந்தார். றேடியோ இரண்டு கிழமையில் பழுதாகிவிட்டது. கொள்கை மட்டும் கடைசிவரை நன்றாக வேலை செய்தது.

“சிங்கப்பூர்ல றோட்டுல ஒரு கோழியக்கூட நான் காணல்ல,” என்பார்.

“அங்க மனிசர் கோழி தின்றல்லயா ஹாஜியார்?”

“தின்றானுகள். ஆனா உசிரோட கண்ணுக்குக் காட்ட மாட்டானுகள். அதுக்குப் பேர்தான் முன்னேற்றம்.”

இந்தக் கொள்கையோடு ஹாஜியார் கல்முனையில் ஒரு செற்றியும் வாங்கிப் போட்டிருந்தார். அதன் பிளாஸ்ரிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து முதலில் உட்கார வேண்டும் என்று காத்திருந்தார்கள். ஹாஜியாரே இன்னும் அதில் உட்காரவில்லை. அப்படிப்பட்ட செற்றியில் அடுத்த வளவுக் கோழி ஒன்று ஸலாம் கூடச் சொல்லாமல் ஏறி, சாய்ந்து இருந்து, நிதானமாக ஒரு முட்டையை இட்டு, ஊருக்கே கேட்கும்படி அதை அறிவித்துவிட்டும் போனது.

அந்தக் கோழி சுஹறாவுடையது. சுஹறாவின் புருஷன் சரீப் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவன். சின்ன மகள் ஒருத்தி இருக்கிறாள். காலையில் முட்டைகள் தேத்தண்ணிக் கடைக்குப் போகும். மத்தியானம் அவை அரிசியாகவும் தேங்காயாகவும் திரும்பி வரும். அந்தக் கோழிகள் இல்லாவிட்டால் அவள் வீட்டு அடுப்பில் பூனைதான் படுத்திருக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இதெல்லாம் ஓர் ஆளின் சொந்த விஷயம். பொது நன்மையைப் பற்றிப் பேசும் இடத்தில் இதைக் கொண்டுவருவது முறையாகாது.

அன்று பின்னேரமே ஊர் அபிவிருத்திச் சபை கூடி, ‘கோழி ஒழுங்கு உபகுழு’ அமைக்கப்பட்டது. ஹாஜியார் தவிசாளர். ஷரிபுதீன் மாஸ்டர் சட்ட ஆலோசகர். புடவைக்கடை றஊப் முதலாளி பொருளாளர். பொருள் எதுவும் இல்லாததால் அவருடைய வேலை இலகுவாக இருந்தது. நான் செயலாளர். கோழி வளர்த்த அனுபவம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. அதனால் பக்கச் சார்பில்லாமல் நடந்துகொள்ள முடிந்தது.

விதிகளை மாஸ்டர் ஏற்கெனவே கையோடு கொண்டுவந்திருந்தார். மலைநாட்டுப் பக்கம் படிப்பித்த காலத்தில், அங்கே ஏதோ ஒரு நகரத்தின் பழைய சட்டப் புத்தகத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதியவை.

“முதலாம் விதி,” என்று மாஸ்டர் வாசித்தார். “கோழிக்கூடானது எந்தவொரு குடியிருப்பிலிருந்தும் ஐம்பது அடிக்கு அப்பால் அமைதல் வேண்டும்.”

“எங்கட ஊர்ல ஐம்பது அடி தள்ளினா, கூடு மூணாவது ஆள்ர குசினிக்குள்ள போய் நிக்கும் மாஸ்டர்,” என்றார் றஊப்.

“அந்தக் குசினியும் குடியிருப்புத்தான். அதுல இருந்து இன்னும் ஐம்பது அடி தள்ளணும்.”

“அப்படியே தள்ளிக்கிட்டுப் போனாக் கடல் வருமே.”

“கடலுக்க வைக்கக் கூடாது எண்டு விதியில இல்ல,” என்றார் மாஸ்டர்.

விதி நிறைவேறியது. இரண்டாம் விதி, சேவல்கள் விடியற்காலைச் சுபஹு பாங்குக்கு முந்திக் கூவக்கூடாது என்பது. அதை யார் சேவலுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று நான் கேட்டேன். அது வளவுக்காரரின் பொறுப்பு என்று தவிசாளர் தீர்ப்புச் சொன்னார். அதுவும் நிறைவேறியது.

மூன்றாம் விதிதான் முக்கியமானது. “கோழி வளர்ப்பதற்கான அனுமதிப்பத்திரம், வளவின் உறுதிப் பத்திரம் எந்த ஆணின் பெயரில் உள்ளதோ, அந்த ஆணுக்கே வழங்கப்படும்.”

“ஏன் ஆணுக்கு?” என்றார் றஊப்.

“பொம்புளையள் கந்தோர் கந்தோரா அலையப்படாது,” என்றார் ஹாஜியார். குரல் தழுதழுத்தது. “அவங்கட கஷ்டத்த நாம சுமப்பம்.”

எங்கள் கண்கள் கலங்கிவிட்டன. விதி ஏகமனதாக நிறைவேறியது. அனுமதிப்பத்திரம் இல்லாத கோழிகள் சபையின் காவலில் எடுக்கப்படும் என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். வாப்பா மகளுக்கு வீடு கட்டி, அவள் பெயரில் உறுதி எழுதிவைத்து, பிறகுதான் மாப்பிள்ளை பார்ப்பார். மாப்பிள்ளை உடுத்த சாறனோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். இது தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எங்கள் நான்கு பேருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. நாங்கள் சட்டம் பேசிக்கொண்டிருந்தோம்.

பத்திரம் கொடுக்கும் நாளன்று சபைக் கந்தோர் வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள்.

“உறுதி?”

“அது பொஞ்சாதிட பேர்ல இரிக்கி.”

“அடுத்தாள். உறுதி?”

“மாமி மகளுக்கு எழுதிக் குடுத்தது. எனக்கு அதத் தொட்டுப் பாக்கவும் குடுக்க மாட்டாங்க.”

வரிசை முழுவதும் இதே கதைதான். ஹாஜியார் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “வெக்கம் கெட்டவனுகள். இரிங்க, நான் என்ட உறுதிய எடுத்துவந்து காட்டுறன்,” என்று எழும்பினார். நானும் கூடப் போனேன். ஹாஜியாரின் மனைவி சுல்பிகா குசினி வாசலில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“வளவுட உறுதிய எடுங்க சுல்பிகா.”

“என்னத்துக்கு?”

“நான் வளவுக்காரன் எண்டு காட்டணும்.”

“ஆரு வளவுக்காரன்?” அவர் சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இது என்ட வாப்பா எனக்குத் தந்த வளவு. உங்களையும் அவர்தான் பேசி எடுத்துத் தந்தவர். உறுதி பெட்டிக்குள்ள இரிக்கி, திறப்பு என்ட இடுப்புல இரிக்கி. அரிசியில கல் கிடக்குது, வெளிச்சத்த மறைக்காமக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். பிறகு கந்தோருக்கே திரும்பிவிட்டோம்.

அங்கே சுஹறா காத்துக்கொண்டிருந்தாள். கையில் உறுதி. வளவு அவள் பெயரில்; முத்திரை, ஒப்பம் எல்லாம் சரி. அந்த நாள் முழுவதும் சபை மேசைக்கு வந்த ஒரேயொரு உறுதி அதுதான்.

“உறுதி சரி,” என்றார் மாஸ்டர். “ஆண் எங்க?”

“கடல்ல மௌத்தாப் போன மனிசன நான் எங்க போய்த் தேடுற மாஸ்டர்? வளவு என்ட. கோழி என்ட. நான் உசிரோட முன்னால நிக்கன். இன்னும் என்ன வேணும்?”

“ஒரு ஆம்பிள வேணும்,” என்றார் ஹாஜியார் கனிவோடு.

அன்றைக்கே அவசரக் கூட்டம் கூடினோம். ஊரில் உள்ள கோழியெல்லாம் சட்டவிரோதமாகிவிட்டன. சுல்பிகாவின் கோழிகளும் அதில் அடக்கம். அவற்றைப் பிடிக்கப் போவது யார் என்ற கேள்வி எழுந்தபோது தவிசாளருக்கு வியர்த்தது. வியர்த்த இடத்தில்தான் ஞானம் ஊறும் போலிருக்கிறது. அவர் ஒரு திருத்தத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: “எந்த வளவில் ஓர் ஆண் சோறு தின்கிறாரோ, அந்த வளவுக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார்.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தின்றவரே உரிமையாளர். உலகச் சட்டத்துல இப்படி ஒண்டு இல்ல ஹாஜியார்.”

“இப்ப இரிக்கிதானே,” என்றார் ஹாஜியார்.

பொழுதுபடும் முன் ஊரில் எல்லா ஆண்களுக்கும் பத்திரம் கிடைத்துவிட்டது. சோறு தின்பதில் எங்கள் ஊர் ஆண்களைக் குறை சொல்ல முடியாது. உறுதி வைத்திருந்த ஒரே ஆளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவள் வளவில் சோறு தின்ன ஆண் இல்லை.

மறுநாள் காலையில் உபகுழு சுஹறாவின் வளவுக்கு நேரில் போய்க் கடமையைச் செய்தது. றஊப் முதலாளி ஒரு சேவலைத் துரத்திப் போய்க் கிணற்றடிச் சேற்றில் சறுக்கி விழுந்தார். விழுந்தும் சேவலின் காலை விடவில்லை. மாஸ்டர் மூலையில் அடைகிடந்த பேட்டுக் கோழியைத் தூக்கினார்.

“அத உடுங்க மாஸ்டர், அது முட்டையில கிடக்கு. குஞ்சு பொரிக்கிற நேரம்,” என்றாள் சுஹறா.

“அடைக்கோழிக்கு விதிவிலக்கு இல்ல தங்கச்சி.”

அவள் கோழிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகளும் சேர்ந்து அழுதாள். சட்டம் அமுலாகும்போது இப்படிச் சில சத்தங்கள் வருவது இயல்பு. கோழிகளைச் சபையின் சாமான் அறையில் பூட்டினோம்.

அடுத்த நாள் சுஹறா கந்தோருக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது; ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

“என்ட வளவுல ஒரு ஆம்பிள சோறு திண்டா என்ட கோழியத் தருவீங்களா?”

“விதிப்படி தருவம்,” என்றார் ஹாஜியார். “இன்னொரு கலியாணத்த முடியன் புள்ள. என்ட சகோதரிட மகன் ஒருத்தன் சும்மாதான் இரிக்கான்.”

“சும்மா இரிக்கிறவனுக்குச் சோறு போட என்ட கோழி காணாது ஹாஜியார். எந்த ஆம்பிள திண்டாலும் சரியா?”

மாஸ்டர் விதியைத் திரும்ப வாசித்துப் பார்த்தார். “ஓர் ஆண் எண்டுதான் இரிக்கி. வேற ஒண்டும் போடல்ல.”

அவள் போனாள். இரண்டு நாள் கழித்து, றபான் மேளம் தட்டிப் பாடிக்கொண்டு வீடுவீடாக இரந்து திரியும் அப்துல் ஸமட் பாவாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உபகுழு அவரை முறைப்படி விசாரித்தது.

“பாவா, இவட வளவுல நீங்க சோறு திண்டீங்களா?”

“அல்ஹம்துலில்லாஹ், திண்டன்.”

“என்ன கறி?”

“முருங்கைக்காய்ப் பால்கறி.”

“முட்டை இல்லயா?”

“கோழியெல்லாம் உங்களிட்டத்தானே இரிக்கி. முட்டைய நீங்கதான் சொல்லணும்.”

றஊப் முதலாளி இடையில் புகுந்தார். “இது சரிவராது. பாவா எங்கட வீட்டுலயும் தின்றவர்தானே?”

“ஓம் முதலாளி, வெள்ளிக்கிழமையில உங்கட வீட்டுல. திங்கள்ல மாஸ்டர்ர வீட்டுல. ஹாஜியார் வீட்டுலயும் சுல்பிகா உம்மா கூப்பிட்டுப் போடுவா. அல்லாஹ்ட காவல், இந்த ஊர்ல நான் திண்ணாத வளவு இல்ல.”

தவிசாளர் திருத்தத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஊர் முழுவதும் ஒரு றபான்காரரின் பெயருக்கு மாறிக்கொண்டிருந்தது.

“குடுங்க, குடுங்க. பத்திரத்தக் கெதியாக் குடுங்க,” என்றார் ஹாஜியார்.

சுஹறா பத்திரத்தை வாங்கி மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நீதி கிடைத்த ஏழையின் முகத்தில் வருமே, அந்த வெளிச்சம்.

“இப்ப என்ட கோழியத் தாங்க.”

எங்கள் ஊர் வரலாற்றில் இந்த இடத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. முந்தின நாள்தான் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் விதிகளைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார். தூர இருந்து வந்த மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்புவது எங்கள் ஊர்ப் பழக்கம் இல்லை. நெய்ச்சோறு ஆக்கினோம். சகன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். அதிகாரி ஒரு காலைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“இப்படி ருசி கொழும்பில் கிடைக்காது. இது என்ன கோழி?”

“வளவுல மேஞ்சு திரிஞ்ச ஊர்க்கோழி சேர்,” என்றார் ஹாஜியார்.

“உங்கள் விதிகள் எதற்காக?”

“அதத் தடுக்கத்தான் சேர்.”

அவர் மிகவும் திருப்தியோடு திரும்பிப் போனார்.

இப்போது சுஹறா வாசலில் நிற்கிறாள். சாமான் அறை திறந்து கிடக்கிறது. உள்ளே இறகு மட்டும் கிடக்கிறது. அவள் எட்டிப் பார்த்தாள்.

“என்ட கோழி எங்க?”

“ஒரு இடத்துக்கும் போகல்ல,” என்றார் ஹாஜியார். “உபகுழுட பொறுப்புலதான் இரிக்கி.”

“அடைக்கோழியுமா?”

றஊப் முதலாளி தன் வயிற்றிலிருந்து கையை எடுத்து மேசையில் வைத்தார். ஒரே சகனில் தின்றதால் எந்தக் கோழியை எவர் தின்றார் என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியவில்லை. மாஸ்டர்தான் சட்டத்தை விளக்கினார். “தங்கச்சி, திருத்தத்தின்படி தின்றவரே உரிமையாளர். நேற்றுப் பகல்ல இருந்து அந்தக் கோழிகள் சட்டப்படி எங்களுக்குச் சொந்தம். உங்கட பத்திரம் செல்லும். அதுல ஒரு பிழையும் இல்ல. கோழிதான் இல்ல.”

தவிசாளர் இந்த விளக்கத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். நான்கு கைகளும் உயர்ந்தன.

சுஹறா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இந்த முறை அழவில்லை. “கோழிக் கள்ளனும் வருவான்தான் ஹாஜியார். ஆனா வேலியப் பாஞ்சி, ஆரும் காணுவாங்களோ எண்டு பயந்து பயந்துதான் வருவான்,” என்றாள். பிறகு பாவாவைப் பார்த்து, “வாங்க பாவா. இண்டைக்கும் ஒரு பிடி சோறு இரிக்கி. நாளைக்கு எனக்கும் ஒரு றபான் எடுத்துத் தாங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னதை உபகுழுவுக்குக் கிடைத்த பாராட்டாகவே எழுதிக்கொள்ளும்படி தவிசாளர் என்னைப் பணித்தார். அது நியாயமும் கூட. நாங்கள் வேலி பாயவில்லை. பட்டப்பகலில், கடப்பு வாசலால் நுழைந்து, ஸலாம் சொல்லித்தான் போனோம். யாருக்கும் பயப்படவில்லை. மற்ற ஊர்களிலெல்லாம் கோழிக் கள்ளர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அந்தக் குறை கிடையாது. எங்களிடம் உபகுழு இருக்கிறது.