கம்ப்யூட்டர் பிடித்துக் கொடுத்த ஆள்

சொந்த அக்காவின் மேல் துரோகிப் பட்டம் கட்டிவிட்டு, அதே நாள் காலையில் அவள் சுட்ட தோசையையும் ஒரு கை பார்த்துவிட்டு ஏப்பம் விட்ட ஒருவனை நீங்கள் பார்த்ததில்லை என்றால், வணக்கம், அது நான்தான். பட்டம் கட்டியது நானில்லை, கம்ப்யூட்டர் என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன். (கம்ப்யூட்டர் சொன்னது என்றால் ஊரே வாயை மூடிக்கொண்ட காலம் அது.)

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த கையோடு கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பதெல்லாம் கௌரவத்துக்குச் சொல்வது. அங்கே பல வருஷமாக டைப்பிஸ்டாக இருந்த என் அக்கா செண்பகம், முதலாளியிடம் நச்சரித்து என்னை உள்ளே தள்ளிவிட்டாள். ஏஜெண்டுகளுக்குப் போகிற கடிதமெல்லாம் அவள் அடிப்பதுதான். அத்தான் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்ததால் அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. நானும் அவள் வீட்டில்தான் ஓசியில் தங்கியிருந்தேன்.

எங்கள் முதலாளி சந்தேகத்துக்கே பிறந்த மனிதர். கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். காபியில் சர்க்கரை குறைந்தால், காபிக் கடைக்காரனை எதிர்க் கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கிவிட்டான் என்பார். அப்படிப்பட்டவரிடம் சென்னையிலிருந்து ஒருவன் வந்து ஒரு சாப்ட்வேரைத் தள்ளிவிட்டுப் போனான். எந்த ஊரில் எந்த அப்பளம் போகிறது, எந்த ஏஜெண்ட் தூங்குகிறான் என்கிற விற்பனைக் கணக்கை எல்லாம் உள்ளே ஊட்டினால், அது கலர் கலராகப் படம் போட்டு, எங்கே விலையைக் குறைக்கலாம், எங்கே இலவசம் கொடுக்கலாம் என்று யோசனையும் சொல்லும்.

"மனுசப்பய பொய் சொல்லுவான். இது சொல்லாதுல்லா?" என்று மட்டும் கேட்டார் முதலாளி. சொல்லாது என்று நான் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து அந்த மிஷினுக்கு நான் பூசாரி.

திங்கட்கிழமைதோறும் முதலாளியும் நானும், குறிப்பெடுக்க அக்காவும், சில வாரம் கணக்குப்பிள்ளையும் டிரைவரும் ஏ.சி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்போம். முதல் முடிவே பிரமாதமாக வந்தது. தை மாசக் கல்யாணங்களுக்கு முன்னால் ஸ்ரீவைகுண்டம் பக்கம் கட்டுக்கு ஒரு பாக்கெட் இலவசம். முதலாளி பூரித்துப்போனார். எங்கள் வேன் ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர்ந்தபோது, எதிர்க் கம்பெனிக்காரன் கட்டுக்கு இரண்டு பாக்கெட் இலவசம் கொடுத்து, கடைகளை எல்லாம் நிரப்பிவிட்டுப் போயிருந்தான்.

தற்செயல் என்றேன். அடுத்து தென்காசியில் உளுந்து அப்பளத்துக்கு விலையைக் குறைக்க முடிவெடுத்தோம். எங்களுக்கு முன்னாடியே அவன் குறைத்திருந்தான். தூத்துக்குடியிலும் அதே கதை. நாங்கள் எங்கே போனாலும் அவன் வண்டியின் புகைதான் எங்களை வரவேற்றது.

முதலாளிக்கு முதலில் மிஷின் மேலேயே சந்தேகம் வந்தது.

"ஏலே, இந்த ஒயரு எங்கன போகுது?"

"கரண்டுக்கு அண்ணாச்சி."

"கரண்டு எங்கன போகுது?"

அன்று முதல் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, கம்ப்யூட்டருக்கு ஒரு ஜமுக்காளத்தைப் போர்த்திவிடுவார். அதன் பக்கத்தில் நின்றால் குசுகுசுவென்றுதான் பேசுவார். அப்படியும் ரகசியம் போய்க்கொண்டேதான் இருந்தது. பிறகு ஆபீஸே ஒருவரை ஒருவர் முறைக்க ஆரம்பித்தது. கணக்குப்பிள்ளை தும்மினால் அது யாருக்கோ சிக்னல் என்றார் டிரைவர். டிரைவர் புதுச் செருப்பு போட்டு வந்தால் காசு ஏது என்றார் கணக்குப்பிள்ளை.

எனக்கு மனசு ஆறவே இல்லை. என் மிஷினின் மானம் போகிறதே! இதையெல்லாம் சொல்லி அழ எனக்கு அந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார், படித்துறை மாமா. தினமும் விடிந்ததும் நான் ஆற்றில் குளிக்கப் போவேன். அவர் அம்பாசமுத்திரம் கரையிலிருந்து நீந்தி வந்து எங்கள் படியில் உட்காருவார். என்னோடு பேசிவிட்டு நீந்தியே திரும்புவார். "எக்சர்சைஸ் தம்பி" என்பார். பெயரைக்கூட நான் கேட்டதில்லை. ஊரில் ஒரு பயலும் என் சாப்ட்வேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதபோது, அவர் மட்டும் அப்படி ஆசையாகக் கேட்பார்.

"ரகசியம் வெளிய போகுது மாமா" என்று ஒருநாள் கண் கலங்கிவிட்டேன்.

"உள்ள இருக்க ஆளுதான் தம்பி யாரோ. விடாதிய, நல்லாத் தேடிப் பாருங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார் அந்த மகராசன்.

அந்த உற்சாகத்தில்தான் நேராக ஆபீஸ் போய், துரோகியைக் கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். எந்தெந்த முடிவு வெளியே போனதோ, அந்தந்தத் திங்கட்கிழமை அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று உள்ளே போட்டேன். முதலாளியை மட்டும் மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. பட்டனைத் தட்டியதும் திரையில் கம்பம் கம்பமாக எழும்பியது. கணக்குப்பிள்ளைக்குக் குட்டையாக ஒன்று, டிரைவருக்கு அதைவிடக் குட்டையாக ஒன்று. எல்லாவற்றையும்விட உயரமாக, சிவப்பாக, கூரையை முட்டிக்கொண்டு நின்ற கம்பத்தின் கீழே என் பெயர் இருந்தது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாவம், மிஷினுக்கு என்ன தெரியும்? நான் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாதா? என் பெயரை அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். இப்போது உயரமாக நின்றது செண்பகம்.

இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன், அதே செண்பகம்தான். பிறகு நேர்மை என்கிற பேய் என்னைப் பிடித்துக்கொண்டது. பிரிண்டரை ஓடவிட்டு, தாளைக் கிழித்து முதலாளி முன்னால் வைத்தேன்.

"ஏலே, ஒன் அக்காவா?" என்றார் அவர். அவருக்கே நம்ப முடியவில்லை.

"கணக்குக்கு அக்கா தங்கச்சி எல்லாம் கிடையாது அண்ணாச்சி" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. (அந்த நெஞ்சில் யாராவது அப்போதே ஒரு மிதி மிதித்திருக்கலாம்.)

முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, விசாரித்து முடிக்கிற வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிமிர்ந்து பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏலே, நான்தான் சொன்னேன்னு எப்படில கண்டுபிடிச்ச?"

நானும் பெருமையாகத் தாளை விரித்துக் காட்டினேன்.

"இதுல ஒம் பேரு எங்கல?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்லாக்கா."

"நான் சொல்லலைன்னு எனக்கும்தாம்ல தெரியும்! என்னையும் எடுத்திருக்க வேண்டியதுதான?"

"ஒன்னையும் எடுத்துட்டா அப்புறம் யாருதான்க்கா இருக்கா?"

அரிசி களைந்த தண்ணீர் அப்படியே என் மேல் வந்தது. "கோட்டிக்காரப் பயலே! நாளைப்பின்ன இந்த வீட்டுல எதை வச்சுல அடுப்பெரிக்கது? ஒன் கம்ப்யூட்டரைக் கொண்டாந்து எரிக்கவா?" என்று அவள் கத்தியபோது, அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஆனாலும் தாளில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேலைக்குப் போகிற நாட்களில் அக்கா இருட்டோடு ஆற்றில் முங்கிவிட்டு வந்துவிடுவாள். வேலை இல்லாமல் போனதால் மறுநாள் நான் போகிற நேரத்துக்கே அவளும் பெண்கள் படித்துறைக்குப் போயிருக்கிறாள். நடுவில் ஒரு சுவர்தான். தண்ணீருக்கு மேல் பேசினால் குரல் எத்தனை தூரம் போகும் என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஈரத் தலையோடு அவள் நேராக முதலாளி வீட்டுக்குப் போனது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை. இடுப்பில் துண்டு, தலையிலிருந்து கழுத்து வரை சோப்பு, கண்ணை இறுக்க மூடியிருக்கிறேன். எதிரில் மாமா.

"துரோகிதான் மாட்டியாச்சுல்லா தம்பி? ரொம்ப சந்தோசம். இனிமே பயமில்லாம முடிவெடுக்கலாம். இந்த வாரம் எந்த ஊரு?"

"ஆலங்குளம் மாமா. மொளகு அப்பளம். இன்னும் வண்டிகூடக் கெளம்பலை."

'களுக்' என்று தண்ணீரில் ஒரு சத்தம் கேட்டது. மாமா முங்குகிறார் என்று நினைத்தேன். முங்கத்தான் செய்தார், ஆனால் எழுந்தது நடு ஆற்றில்.

"வெலை எவ்வளவுல கொறைக்கிய?" என்று குரல் வந்தது. தொண்டை கட்டியிருந்தது. தினமும் நீந்தினால் சளி பிடிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டு, விலையைச் சொன்னேன். எப்போது வண்டி கிளம்பும் என்று சொன்னேன். எந்தக் கடையில் முதலில் இறக்குவோம் என்றும் சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"எங்க அண்ணாச்சிக்கு ஒண்ணும் தெரியாது மாமா. பூட்டை இழுத்துப் பாக்கத்தான் தெரியும். மூளை எல்லாம் நாந்தான்."

"அப்படியால? சோப்பைக் கழுவு மொதல்ல."

கழுவினேன். மேல் படியில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோரம் அக்கா, இடுப்பில் கைவைத்தபடி. தூரத்தில் அக்கரைப் படியில் ஏறித் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார் மாமா. அவர்தான் எதிர்க் கம்பெனியின் முதலாளி என்று குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. நான் ஏன் அப்போதே ஆற்றோடு போகவில்லை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் போகவும் வழியில்லை.

"செண்பகம், நீ இன்னைக்கே வேலைக்கு வந்துரு தாயி. நான் ஒன்னையச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது" என்றார் முதலாளி. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை ஊரில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

அக்கா சும்மா போகவில்லை. கம்ப்யூட்டர் அறைச் சாவி இனிமேல் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயே, ஈரப் படியில் வைத்தே, பேசி வாங்கினாள். என்னை வேனில் ஏற்றி அப்பளக் கட்டு இறக்குகிற வேலைக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் அந்த சாப்ட்வேர் எடுத்த முடிவுகள் ஒழுங்காகவே பலித்தன என்பதை எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

போன தையில் அக்கா மகள் கல்யாணம். பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவியைக் காணோம். உள்ளேதான் மொத்தச் சாமானும் இருந்தது. நான் சமையல்காரரின் கையாளை ஓரமாகக் கூட்டிப்போய், கடைசியாக அந்தப் பக்கம் யார் யார் வந்தார்கள் என்று கறாராக விசாரித்துக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா வேகமாக வந்தாள். நிறைந்த சபையில், சம்பந்திகளுக்கு முன்னால், "அந்த மனுசனை விடுல. மொதல்ல நீ வேட்டி மடியை அவுத்து உதறு" என்றாள்.

உதறினேன். ணங்கென்று விழுந்தது.