இருபத்து நாலு போத்தல்

இருபத்து நாலு போத்தல் ஜாமும் விற்றுத் தீர்ந்த அன்றுதான் ஜூலியனுக்குப் பிரச்சினை ஆரம்பித்தது.

அவன் வேலை பார்த்த மஸ்கெலியா ஹார்ட்வெயார் கடையை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கும் மனைவி பவுலினின் சம்பளத்தில், ஒரு பிள்ளையோடு, வீடு ஓடியது. அவளுடைய அண்ணன் மரியரட்ணம் கொழும்பில், புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் மச்சானுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை நின்றபடியே துணி விரித்துக் காட்ட வேண்டும். படுக்கை கடையின் மேல்மாடியில். நினைக்கும்போதே ஜூலியனுக்குக் கால் வலித்தது.

"நத்தார் வரைக்கும் டைம் குடு பவுலின். அதுக்குள்ள ஒன்லைன்ல சம்பாரிச்சுக் காட்டுறேன். இல்லாட்டி நானே பெட்டியத் தூக்கிட்டுக் கொழும்புக்குப் போறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிற ஆள் இல்லை அவன். ஒன்லைனில் ஏமாறுகிறவர்கள் ஏராளம் என்று கேள்விப்பட்டு, முதலில் ஒரு வட்ஸ்அப் வகுப்பில் சேர்ந்தான். கோட் போட்டுக்கொண்டு, யாருடையதோ ஒரு காரில் சாய்ந்து நின்றபடி கோச் நிதுஷன் என்பவர் நடத்திய வகுப்பு. 'ஒன்லைன் வியாபாரத்தில் விழக்கூடாத பத்துப் பள்ளங்கள்' என்று பெயர். ஒரு பள்ளம் ஐந்நூறு ரூபாய். மொத்தமாக வாங்கினால் பத்தாவது பள்ளம் இலவசம்.

முதலாம் பள்ளம், தன்னைச் சின்ன ஆளாகக் காட்டிக்கொள்வது. ஆகவே தோட்டத்து லய வீட்டு அடுப்பில் பவுலின் கிண்டிய மரத்தக்காளி ஜாம், பேஸ்புக்கில் 'ஹெவன் ஹில்ஸ், நுவரெலியா' ஆனது. போத்தல் அறுநூறு ரூபாய். மூன்று வாரம் ஈ கூட மொய்க்கவில்லை. நாலாம் வாரம் ஒரே நாளில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு போத்தல் கேட்டு எழுதினார்கள்.

பன்னிரண்டு பேரும், மேல்பார்த்து என்று போட்டு, வட்டவளையில் ஒரே பேக்கரியின் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். கொழும்புக்காரன் என்றால் புருவத்தை உயர்த்தியிருப்பான். ஜூலியனுக்கு அதில் எந்த அதிசயமும் தெரியவில்லை. லயத்து வீட்டுக்கு ஏது இலக்கம்? தோட்டத்தில் அவனுடைய டிவிஷன் மொத்தத்துக்கும் கல்யாணக் கார்டு முதல் கோர்ட் கடிதம் வரை மஸ்கெலியா ஹலீம் ஸ்டோர்ஸுக்குத்தான் வரும். வட்டவளையிலும் அப்படி ஒரு டிவிஷனே ஜாமுக்கு மயங்கிவிட்டது என்று நினைத்து, அன்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தான்.

கூரியர் இர்ஷாத் பன்னிரண்டு பார்சலையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். பார்சலைக் கொடுக்கும்போது காசை வாங்கி, விற்றவரிடம் சேர்ப்பார்; பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. அதிகம் பேசமாட்டார்.

இனி பிரச்சினை. மூன்றாம் பள்ளம், காலி ராக்கையைக் கடைக்காரன் காட்டுவது. 'ஸ்டொக் இல்லை என்று சொன்ன நாளே உங்கள் வியாபாரத்தின் இழவு நாள்' என்று கோச் குரல் பதிவில் எச்சரித்திருந்தார். பவுலினைக் கேட்டால், மரத்தக்காளி முடிந்துவிட்டது, முன்பள்ளி நத்தார் ஒளிவிழாவுக்கு ஒத்திகை வேறு தொடங்கப்போகிறது, ஆளை விடுங்கள் என்றாள். அதற்கும் கோச்சிடம் வழி இருந்தது. வேறொரு பேஸ்புக் பக்கத்தில் வாங்கி, லேபலை மாற்றி, விலையைக் கூட்டி விற்க வேண்டும். அப்படி வாங்கும்போது சொந்தப் பெயரில் வாங்கக் கூடாது, போட்டிக்காரன் முழித்துக்கொள்வான். அது ஐந்தாம் பள்ளம்.

தேடினான். 'மிஸ்டி கார்டன், நுவரெலியா' என்று ஒரு பக்கம் அகப்பட்டது. அங்கும் மரத்தக்காளி ஜாம், எழுநூற்று ஐம்பது ரூபாய், கைவசம் இருபத்து நாலு போத்தல். ஜூலியன் சொந்தபந்தங்களின் பெயர்களையெல்லாம் திரட்டினான். பதினொன்று தேறியது. பன்னிரண்டாவதாக, ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோன மாமனார் சவரிமுத்துவின் பெயரைப் போட்டான்.

பார்சல்கள் வந்ததும் ஒரு போத்தலில் விரல் விட்டு நக்கிப் பார்த்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பவுலின், இங்க பாரு, இதுதான் ஜாம். ஒன்னுது ஒரே இனிப்பு. இவங்க தொழில் தெரிஞ்சவங்க."

பவுலின் எழுந்து போனாள். ஜாம் கிண்டும் சட்டியைக் கழுவி, துடைத்து, அடுத்த வீட்டு வினோதாவிடம் மாட்டுக்குத் தவிடு கலக்கக் கொடுத்துவிட்டாள். இனி வீட்டில் ஜாம் என்ற பேச்சே கிடையாது. ஜூலியனும் கவலைப்படவில்லை. சுடுதண்ணீரில் லேபலை உரித்து, தன் லேபலை ஒட்டி, தொள்ளாயிரம் என்று விலை போட்டான். நாலே நாளில் வட்டவளை பேக்கரிக்காரர்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டார்கள். மறுபடியும் காலி ராக்கை. மறுபடியும் மிஸ்டி கார்டன். அங்கே விலை இப்போது ஆயிரத்து ஐம்பது. சந்தையே ஏறுகிறது என்று ஜூலியன் பூரித்துப்போனான்.

இரண்டாவது தடவை வந்த பார்சல்களின் பெயர்களைக் கடைக்காரர் ஹலீம் உரக்கப் படித்தார். சவரிமுத்து என்று அவர் கூப்பிட்ட நேரம், கருவாடு வாங்க வந்திருந்த மாமியார் யூஜினா பையைக் கீழே போட்டுவிட்டு ஒப்பாரி வைத்தாள். கடையே கூடிவிட்டது. ஜூலியன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்: கல்லறைத் திருநாள் வருகிறது, மாமாவுக்குப் படைப்பதற்காக அவர் பெயரிலேயே வரவழைத்தேன்.

மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. நவம்பர் இரண்டாம் திகதி யூஜினா கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி, பக்கத்தில் ஒரு ஜாம் போத்தலை வைத்து, வெகுநேரம் அழுதாள். பவுலினும் அழுதாள். கோபம் பாதி தணிந்துவிட்டது. ஜூலியன் மட்டும் வீட்டுக்கு வந்து போத்தல்களை எண்ணினான். வட்டவளைக்கு இருபத்து நாலு அனுப்ப வேண்டும். கையில் இருபத்து மூன்று. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கல்லறைக்குப் போய், போத்தலை எடுத்து, வழிந்திருந்த மெழுகைச் சுரண்டி, பார்சல் பண்ணினான்.

காலையில் கல்லறைக்குப் போய்ப் பார்த்த யூஜினா வெறுங்கையோடு, ஆனால் முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பி வந்தாள்.

"அவரு எடுத்துக்கிட்டாருங்க மருமகனே. உசுரோட இருந்தப்ப இனிப்ப நாக்குல வைக்க விடமாட்டாரு டாக்டரு. இனிமே ஞாயித்துக்கெழம தோறும் ஒன்னு வச்சிருவோம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடியலில், ஹெவன் ஹில்ஸ் உரிமையாளர் பனியில் நடுங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் பதுங்கிப் பதுங்கிப் போய்வந்தார். இதைப் பத்துப் பள்ளங்களில் எதிலும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து நானூறு, ஆயிரத்து எழுநூறு. ஒரு தடவைகூடச் சரக்கு தேங்கவில்லை. ஒரு வாடிக்கையாளரும் குறை சொல்லவில்லை. விற்ற காசு அடுத்த சரக்குக்கே போய்விடுவதால் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வந்து சேரவில்லை. அதையும் பவுலின் கேட்டாள். வளர்கிற வியாபாரத்தில் கை வைப்பது எட்டாம் பள்ளம் என்று பதில் சொன்னான்.

டிசம்பர் நடுவில் மிஸ்டி கார்டனில் போத்தல் இரண்டாயிரம் ஆனது. நத்தாருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம் என்று ஜூலியன் கணக்குப் போட்டான். கையிருப்பு போதவில்லை. பவுலின் சீட்டுப் பிடித்து வைத்திருந்த காசைக் கேட்டான்.

"பிள்ளைக்கு நத்தார் உடுப்புக்கு வச்சதுங்க அது. இது போனா நமக்கு வேற ஒன்னும் இல்ல" என்றாள். சொல்லிக்கொண்டே எடுத்தும் கொடுத்தாள். கல்லறையில் அப்பாவுக்கு ஜாம் வைத்த மனுசனிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அந்த நேரம் ஜூலியனுக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

அந்தக் காசை நம்பி இருபத்து நாலு போத்தலுக்கும் ஓடர் போட்டுவிட்டு, மறுநாள் மரியரட்ணத்துக்குப் போன் பண்ணினான். கொழும்பு வேலை தனக்குத் தேவைப்படாது என்று மரியாதையாகவும், அண்ணனும் ஒன்லைனில் எதையாவது தொடங்கிப் பார்க்கலாம் என்று கொஞ்சம் பெருந்தன்மையாகவும் சொன்னான். மரியரட்ணம் வருத்தப்படவில்லை. அந்த வேலைக்கு இன்னொரு ஆள் ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான், அவனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஹலீம் ஸ்டோர்ஸ் வாசலில் இர்ஷாத் பார்சல்களை இறக்கினார். பன்னிரண்டு பெயர்களுக்கும் ஜூலியன் காசை எண்ணிக் கொடுத்தான். சட்டைப் பையில் பஸ்ஸுக்கு மட்டும் மிஞ்சியது. ஆனாலும் மனம் நிறைந்திருந்தது.

"நாளன்னைக்கு வந்துருங்க நானா. லேபல ஒட்டி ரெடியா வைக்கிறேன். வழக்கம்போல வட்டவளைக்குத்தான்" என்றான்.

இர்ஷாத் காசைப் பையில் போட்டு, ஹெல்மட்டைக் கழற்றி, தலையைச் சொறிந்தார்.

"வட்டவளையில இனி ஆருக்குக் குடுக்கிறது தம்பி? இந்த ரெண்டு மாசமா இதே இருபத்து நாலு போத்தலத்தான் ஒங்ககிட்டருந்து எடுத்து அந்தப் பேக்கரித் தம்பிக்குக் குடுத்து, அவரு லேபல மாத்தித் தந்ததும் திருப்பிக் கொண்டாந்து ஒங்ககிட்டயே குடுத்துக்கிட்டு இருந்தேன். அவரு நேத்துத்தான் புறக்கோட்டையில புடவக் கடை வேல கெடச்சிருச்சின்னு பஸ் ஏறிட்டாரு."