நரசிம்மன் விழுந்தது எப்படி

வல்லம்,
10-11-1991

அன்பும் மரியாதையும் நிறைந்த வெங்கடேசன் மாமாவுக்கு,

கனகம் பணிவுடன் எழுதும் கடிதம். இங்கே அப்பா, அம்மா, காவேரி அக்கா, நான், சினையாக இருக்கும் பசு எல்லோரும் சுகம். நெய்வேலியில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கார்டில் "கல்யாணம் நின்றுவிட்டது, உடனே புறப்பட்டு வரவும்" என்று இருந்திருக்கும். அதை மறந்துவிடுங்கள். லீவு போட வேண்டாம். எல்லாம் சரியாகிவிட்டது. என்ன நடந்தது என்று நீங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடி உண்மையாக எழுதப்போகிறேன். கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், காதால் மட்டும் கேட்டதைக் கேட்டேன் என்றும் எழுத வேண்டும் என்பது எங்கள் சயின்ஸ் டீச்சரின் கட்டளை. அதன்படியே எழுதுகிறேன்.

அக்காவைப் பெண் பார்க்க மணிமங்கலத்திலிருந்து ரகுபதி மாமாவும், அவர் மனைவி செங்கமலம் அத்தையும், மாப்பிள்ளை எழிலரசனும் வந்தார்கள். எங்கள் அப்பா வேலை செய்யும் கம்பெனியிலேயே மாப்பிள்ளையும் வேறு ஷிப்டில் இருக்கிறார். அக்கா இதற்கு முன் வந்த எல்லோரையும் ஏதாவது குறை சொல்லி வேண்டாம் என்றவள், இந்த முறை கதவிடுக்கில் ஒரு தடவை பார்த்துவிட்டு, கேசரியில் இன்னும் கொஞ்சம் முந்திரி போடச் சொன்னாள். அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. கேசரி நன்றாக இருந்தது, பஜ்ஜி நன்றாக இருந்தது, அக்கா வணங்கியது நன்றாக இருந்தது, தாம்பூலத் தட்டு மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. அத்தை எங்கள் சமையலறையைப் பார்க்க அம்மாவுடன் உள்ளே போனார். அந்த நேரத்தில்தான் ரகுபதி மாமா சுவரைப் பார்த்தார்.

எங்கள் சுவரில் முருகனுக்கும் திருப்பதிப் பெருமாளுக்கும் நடுவில் குத்துச்சண்டை வீரர் 'மின்னல்' தசரதன் படம் மாட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும். அம்மா அதற்கு மட்டும் பூ வைக்க மாட்டாள். அப்பாவே வைப்பார்.

"இவுரு உங்களுக்கு இன்னா ஒறவுங்க?" என்று ரகுபதி மாமா கேட்டார்.

"ஒறவு இல்லீங்க. அதுக்கும் மேல. 'கல்முட்டி' நரசிம்மனை ஒரே குத்துல சாச்சவரு. ராயபுரத்துல அந்த மேட்ச நேர்ல பாத்தவன் நான்."

ரகுபதி மாமா வாயிலிருந்த பஜ்ஜியை மென்று முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "நானும் நேர்ல பாத்தவன்தாங்க. நரசிம்மன் அடி வாங்கி வுழல. வழுக்கி வுழுந்தாரு."

மாமா, அந்தப் பந்தயத்தைப் பற்றி அப்பா உங்களிடம் பலமுறை சொல்லியிருப்பார். தன் கல்யாணத்துக்கு முன்னால் வைக்கோல் லாரியில் ஏறிப் போய்ப் பார்த்தது. கடைசி ரவுண்டு நடக்கும்போது கரண்டு போய்விட்டது. மறுபடி வந்தபோது தசரதன் நின்றுகொண்டிருந்தார், நரசிம்மன் தரையில் கிடந்தார். நடுவர், தான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லி, சமம் என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா இவ்வளவு காலமும் நரசிம்மன் விழுந்தது தசரதனின் இடது கைக் குத்தில்தான் என்று சொல்லி வருகிறார். ரகுபதி மாமா இவ்வளவு காலமும் மணிமங்கலத்தில், மூலையில் கொட்டிய தண்ணீரில் நரசிம்மன் வழுக்கினார் என்று சொல்லி வந்திருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் சந்திக்காததால் ஊர் அமைதியாக இருந்திருக்கிறது.

"வழுக்குனவன் மல்லாக்க வுழுவான். அவுரு குப்புறக் கெடந்தாருங்க," என்றார் அப்பா.

"ஒருக்களிச்சிக் கெடந்தாரு. எப்பிடின்னு காட்டட்டா?" என்று கேட்டுவிட்டு, ரகுபதி மாமா துண்டை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். பிறகு வெள்ளை வேட்டியோடு வெற்றிலைத் தட்டுக்கும் கேசரிக்கும் நடுவில் படுத்துக் காட்டினார். தசரதன் எங்கே நின்றார் என்று காட்ட, அப்பா அவர் தலைமாட்டில் போய் இடது முஷ்டியை ஓங்கிக்கொண்டு நின்றார். செங்கமலம் அத்தை சமையலறையிலிருந்து வெளியே வந்தது அப்போதுதான். தன் கணவர் தரையில் கிடப்பதையும், அவர் தலைக்கு மேல் சம்பந்தி ஆகப்போகிறவர் முஷ்டியை ஓங்கி நிற்பதையும், பெற்ற பிள்ளை துண்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதையும் அவர் பார்த்தார். அத்தையின் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் எழுத முடியாது. விளக்கம் சொல்ல எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் திறந்ததில் ஒருவர் சொன்னதும் அத்தையின் காதில் ஏறவில்லை. "பொண்ணு பாக்க வந்த எடத்துல புருசன படுக்க வெச்சி அடிக்கிற வூட்டுல எம்புள்ளைக்குப் பொண்ணு எடுக்கவா?" என்று கேட்டுவிட்டு, கணவரை எழுப்பி, முதுகைத் தட்டிவிட்டு, அழைத்துக்கொண்டு போய்விட்டார். தட்டு மாறவில்லை.

அதற்கு மறுநாள்தான் உங்களுக்குக் கார்டு எழுதினோம். அம்மா தசரதன் படத்தை எடுத்துத் தவிட்டு மூட்டை மேல் வைத்துவிட்டாள். காவேரி அக்கா அழவில்லை. ஆனால் குழம்பில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டோம். அப்பா மட்டும், சோற்றைப் பிசைந்துகொண்டே, "குப்புறத்தான் கெடந்தாரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு நான் முதல்முறையாக அப்பா மேல் கோபப்பட்டேன்.

வழி சொன்னது மாப்பிள்ளைதான். ஷிப்டு மாறும்போது கம்பெனி கேட்டில் அப்பாவை நிறுத்தி, "மாமா, சண்ட போட்ட ரெண்டு பேரும் உசுரோடதான் கீறாங்களாம். நீங்களும் எங்கப்பாவும் நேராப் போய்க் கேட்டுட்டா தெரிஞ்சிடப்போவுது. யார் சொன்னது தப்போ, அவங்க மத்தவங்க வூட்டுக்கு வந்து எங்கம்மாவ சமாதானம் பண்ணட்டும்," என்றாராம். இதை அப்பா சொல்லிக் கேட்டேன். தப்பானவர் ரகுபதி மாமாவாக இருந்தால் அவர் தன் வீட்டு அத்தையைச் சமாதானம் செய்ய எதற்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆகவே நேற்று சனிக்கிழமை அப்பா, ரகுபதி மாமா, எழிலரசன் ஆகியோருடன் நானும் ராயபுரம் போனேன். பொய் எழுத மாட்டேன் என்பதால் இரண்டு தரப்புக்கும் நான்தான் சாட்சி. தாம்பரம் வரை பஸ்ஸில் அப்பா முன்பக்கமும் ரகுபதி மாமா பின்பக்கமும் உட்கார்ந்தார்கள். ரயிலில் அப்பா எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தசரதனைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று உதட்டை அசைத்துப் பழகிக்கொண்டே வந்தார். எதிர் சீட்டில் ரகுபதி மாமாவும் ஓர் எலுமிச்சம்பழத்தோடு அதையே செய்துகொண்டிருந்தார்.

தேடிப்போன சந்தில் இரண்டு வயதானவர்கள் ஸ்டூலில் கேரம் போர்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது. கண் ஆபரேஷனாம். "செவப்பு எங்கடா?" என்று அவர் கேட்க, மற்றவர் அதை நகர்த்தி வைத்துவிட்டு, "இங்கதான் கீது," என்றார். துணி கட்டியவர் தசரதன். நகர்த்தியவர் நரசிம்மன்.

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, மாமா. அவ்வளவு பழகியும் வரவில்லை. எலுமிச்சம்பழத்தை நீட்டினார், தசரதன் அதை ஸ்ட்ரைக்கர் என்று நினைத்துப் போர்டில் வைத்தார். ரகுபதி மாமா நரசிம்மன் காலில் விழுந்துவிட்டு எழுந்திருக்க மறந்துவிட்டார். நான் தசரதனின் கையைப் பார்த்தேன். படத்தில் பூசணிக்காய் போல் இருந்த கை, நேரில் எங்கள் தமிழ் ஐயா கையைவிடச் சின்னதாக இருந்தது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

கடைசியில் எழிலரசன்தான் கேள்வியைக் கேட்டார்.

நரசிம்மன் தாடையைத் தடவினார். "இவன்தான் அடிச்சான். இங்க. இன்னைக்கும் முறுக்கு கடிக்க முடியல."

"டேய், நான் எங்கடா அடிச்சேன்?" என்றார் தசரதன். "வெளக்கு போனதும் கயித்தப் புடிச்சிகினு குந்திட்டேன். சின்ன வயசுலேருந்து எனக்கு இருட்டுன்னா ஆவாது. நீ வழுக்கித்தான் வுழுந்திருப்ப."

"அப்ப என்னிய அடிச்சது யாரு?"

"நடுவரா இருக்கும். அந்தாளுக்கு உம்மேல கோவம் இருந்துச்சி."

அப்பா நெருங்கிப் போய், "இல்லண்ணே, நீங்கதான் அடிச்சீங்க. எடது கை. நான் பாத்தேன்," என்று கெஞ்சினார். அந்தப் பக்கம் ரகுபதி மாமா, "நீங்க அடி வாங்கவே இல்லண்ணே. தண்ணிதான். நான் பாத்தேன்," என்று கெஞ்சினார். "இருட்டுல இன்னாயா பாத்தீங்க?" என்று வீரர்கள் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். பிறகு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சிவப்புக் காயைத் தேடத் தொடங்கினார்கள்.

திரும்பும்போது ரயிலில் அப்பாவும் ரகுபதி மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாம்பலம் தாண்டும் வரை நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தசரதன் சொன்னபடி பார்த்தால் ரகுபதி மாமா சரி, நரசிம்மன் சொன்னபடி பார்த்தால் அப்பா சரி. இப்படி ஆனால் அக்காவுக்கு நான் என்ன சொல்வது?

"வயசாயிடிச்சிங்க, பாவம்," என்றார் அப்பா.

"ஆமாங்க. உள்ள நின்னு அடி வாங்கிகினு இருந்தவங்களுக்கு இன்னா தெரியும்? வெளிய உக்காந்து பாத்தவங்களுக்குத்தான தெரியும்," என்றார் ரகுபதி மாமா.

"கரெக்டா சொன்னீங்க சம்பந்தி."

அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் எழிலரசனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. தாம்பரத்தில் இறங்கி செங்கமலம் அத்தைக்கு மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு நேராக மணிமங்கலம் போனோம். இரண்டு பேரும் அத்தையின் முன்னால் சேர்ந்து நின்று, தப்பு தங்களுடையது இல்லை, நரசிம்மனும் தசரதனும்தான் ஒன்றும் தெரியாதவர்கள் என்று விளக்கினார்கள். அத்தை அல்வாவைத் தின்று முடித்துவிட்டு, தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார். இன்று காலை தட்டு மாறியது. மத்தியானம் குழம்பில் அக்கா இரண்டு முறை உப்புப் போட்டிருந்தாள். அதையும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டோம். அம்மாவே படத்தைத் தவிட்டு மூட்டையிலிருந்து எடுத்து மாட்டி, பூவும் வைத்தாள்.

ஆகையால் மாமா, நீங்கள் இப்போது வர வேண்டாம். தை மாதம் தாய்மாமன் சீரோடு நிம்மதியாக வந்தால் போதும். நெய்வேலி அத்தைக்கு என் வணக்கங்கள். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மருமகள்,
கனகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சாயங்காலம் ரகுபதி மாமா கல்யாணப் பத்திரிகை அடிக்க மாதிரி எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வீரர்களும் தலைமை தாங்குவதாகப் போட்டிருக்கிறார். நரசிம்மன் பெயர் மேலே இருக்கிறது. விழுந்தவர் பெயர் எப்படி மேலே வரும் என்று அப்பா கேட்டார். யார் விழுந்தது என்று ரகுபதி மாமா கேட்டார். இப்போது கூடத்தில் இரண்டு பேரும் துண்டை எடுத்து வைத்துவிட்டார்கள். "இது இன்னிக்கி ஓயாது," என்று சொல்லி அம்மா போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள். ஜன்னலில் வரும் தெரு வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். நீங்கள் வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு, முடிந்தால் உடனே புறப்பட்டு வரவும். இந்த நிமிடம் கூடத்தில் யாரோ தொப்பென்று விழுந்தார்கள். பிறகு இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். இரண்டையும் கேட்டேன். யார் விழுந்தார், எப்படி விழுந்தார் என்று என்னால் உண்மையாக எழுத முடியாது. விளக்கு அணைக்கப்பட்டிருந்தது.