முத்தம்மாக்காவும் ஏழாம் கவுன்ட்டரும்

சகலருக்கும் தெரிவிச்சிக்கறது இன்னான்னா, அடையார்ல எங்க தெரு முனை மரத்தடில இஸ்திரி வண்டி போடற முத்தம்மாக்காவுக்கு லைசென்ஸ் வோணும். திங்கக்கெழமைக்குள்ள வாங்கலன்னா வண்டிய கார்ப்பரேசன் லாரில ஏத்திடுவாங்க. இருவத்திரெண்டு வருசமா அந்த மரத்தடிதான் அதுக்கு சோறு. வெள்ளிக்கெழம காலைல என் ஆட்டோல இட்டுக்கினு போனேன்.

ஆபீஸ் வாசல்ல புதுசா லைட்டு போர்டு. இப்ப அதான ஃபேஷன்! ‘என்றென்றும் உங்கள் சேவையில்’னு செவப்பு, பச்சை, ஊதான்னு மின்னிக்கினு கீது.

நாலாம் கவுன்ட்டர்ல வெங்கடரமணன் சார். கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கினாரு.

“இவ்விடத்தில் எவ்வளவு காலம் தொழில் புரிவீர்?”

“எப்பவும் சார்.”

“ஞாயித்துக்கெழம?”

“அன்னிக்கு லீவு சார்.”

“மழை பெஞ்சா?”

“கரி நமுத்துப்பூடும். எப்டி போடறது?”

“அப்ப எப்பவும் இல்ல. மேற்படி நபர் தவறான தகவல் அளித்துள்ளார்.” எழுதிக்கினாரு. “நீ தற்காலிகம். அதுக்கு ஏழாம் கவுன்ட்டர் போ.”

ஏழுல சாருலதா மேடம். “இருவத்திரெண்டு வருஷமா? தற்காலிகம்னா ஆறு மாசந்தாம்மா. நாலுக்குப் போ.”

நாலு, ஏழு, நாலு, ஏழு. அக்கா செருப்பு வாரே அறுந்துச்சு. அஞ்சாவது தபா நாலுக்கு வந்தப்ப அக்காவுக்கு கோவம் ஏறிக்கிச்சு.

“சார், நீங்க ஞாயித்துக்கெழம வருவீங்களா?”

“லீவு.”

“மழைல?”

“ரோட்ல தண்ணி நின்னா எப்டி வர்றது?”

“அப்ப வாசல்ல ‘என்றென்றும்’னு மின்னுதே, அதுவும் தவறான தகவலா?”

கியூவே விசிலடிச்சுது. சார் சிரிக்கல. அவரு ரூல்ஸ் மனுசன். “வாஸ்தவம்”னு இன்னொரு பேப்பர் எடுத்தாரு. “பலகை மீது விசாரணை. முடியும்வரை சகல லைசென்சும் நிறுத்தி வைக்கப்படுகிறது.”

விசிலடிச்சவனுங்கல்லாம் இப்ப அக்காவ மொறைச்சானுங்க.

தெருவுக்குத் திரும்பினோம். அக்கா தேச்ச சட்டைய மடிப்பு கலையாம போட்டுக்கினு ஸ்ரீனிவாசராகவன் மாமா வெளில வந்தாரு. “கவலைப்படாதே முத்தம்மா! இந்தத் தெருவே என்னிக்கும் ஒன் பக்கம்தான்!”

தெருவே தலையாட்டுச்சு. நானும் சவுண்டா, “எப்பவும் யக்கா!”ன்னேன்.

“அப்ப திங்கக்கெழம லாரி வரும்போது எல்லாரும் வண்டி முன்னாடி வந்து நில்லுங்க சாமி.”

மாமாவுக்கு அன்னிக்கு டாக்டர். மாடி வீட்டு அனன்யாவுக்கு மீட்டிங். எனக்கு ஸ்கூல் சவாரி.

அக்கா ஒவ்வொரு மூஞ்சியா பாத்துச்சு.

“அட, நீங்கல்லாம் ஏழாம் கவுன்ட்டரா?”