பதில் சல்யூட்

உலகில் ஒரு நாடு நிலைத்து நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் பீரங்கியோ போர்விமானமோ அல்ல, சல்யூட்தான். இந்த மாபெரும் உண்மையைக் கர்னல் இளம் வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஓய்வுபெறும் நாள் வரை அதிலிருந்து இம்மியும் நகரவில்லை. சண்டை நடந்த பக்கம் அவர் போனதில்லை. சண்டையும் அவர் இருந்த பக்கம் வந்ததில்லை. ஒருவரையொருவர் மதித்து ஒதுங்கியே வாழ்ந்தார்கள். ஆனால் அவர் தலைமை வகித்த முகாம்களில் மரத்தடிக் கற்கள்கூட வெள்ளையடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். அந்தக் கற்களின் பெயரால் அவர் மார்பில் ஏழெட்டுப் பதக்கங்கள் தொங்கின.

ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் வீட்டு வாசலில் ஒரு பேரிடர் நிகழ்ந்தது. பால்காரர் வந்தார், பாக்கெட்டை நீட்டினார், போய்விட்டார். சல்யூட் இல்லை. பின்னாலேயே பேப்பர்காரர் வந்தார். அவரும் அப்படித்தான். பதில் சல்யூட் அடிக்கத் தயாராக இருந்த கர்னலின் வலது கை, பாதி தூக்கியபடி நாள் முழுவதும் காத்திருந்தது. வாரக் கடைசியில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் எலும்பில் ஒரு கோளாறும் இல்லை என்று கையை விரித்தார்.

"வலி கையில இல்லைங்க," என்றார் மனைவி. "வேணும்னா நானே தினம் காலையில ஒண்ணு அடிச்சுடறேன்."

"நீ சிவிலியன்," என்றார் கர்னல் வருத்தத்துடன். "செல்லாது."

களிம்பு பலிக்காத இடத்தில் மைத்துனர் பலித்தார். மனைவியின் தம்பி ஒரு தனியார் காவல் நிறுவனம் நடத்திவந்தார். அக்கா போனில் அழுததும், கர்னல் அந்த நிறுவனத்தின் 'துணைத் தலைவர் - வியூகம் மற்றும் ஒழுங்கு' ஆகிவிட்டார். வியூகம் என்றால் என்னவென்று மைத்துனர் கேட்கவில்லை. நல்லவேளை, கர்னலையும் யாரும் கேட்கவில்லை.

"அத்தான், நம்ம கையில இருக்கறதுலயே பெரிய இடம் இந்த லேப்டாப் கிடங்குதான்," என்றார் மைத்துனர். "பெட்டி காணாமப் போச்சுன்னா ஒப்பந்தம் போயிடும். கூடவே நானும் போயிடுவேன்."

"கவலைய விடு. சல்யூட்டைச் சரி பண்ணிட்டா எல்லாம் தானா சரியாயிடும்."

"சல்யூட்டுக்கும் பெட்டிக்கும் என்ன அத்தான் சம்பந்தம்?"

"இதைத்தான் சிவிலியன் புத்தின்னு சொல்றது."

கிடங்கின் வாசலில் வெகுகாலமாக ஒரு காவலாளி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரைக் கேட்காரர் என்பார்கள். மில் மூடியபின் கிடைத்த வேலை இது. இந்த வயதில் இன்னொன்று கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். அதனால் வெளியே போகிற எந்தப் பையையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார், அது கிடங்கு மேலாளரின் சாப்பாட்டுப் பையாகவே இருந்தாலும். மில்லில் பட்ட அடியில் அவர் வலது கை தோளுக்கு மேல் ஏறாது. அவர் சல்யூட் அடித்தால் கொசு விரட்டுவது போல இருக்கும்.

கர்னல் அந்தக் கையைப் பார்த்தார். நாட்டின் எதிர்காலம் அவர் கண்முன் இருண்டது.

சீர்திருத்தங்கள் உடனே தொடங்கின. பைக்குள் கையை விட்டவன் அதே கையால் எப்படிச் சல்யூட் அடிப்பான் என்று கர்னல் ஆழ்ந்து சிந்தித்தார். பைச் சோதனை ரத்தானது. கேமரா அறையில் உட்கார்ந்திருந்தவர், திரையில் கர்னல் தெரியும்போதெல்லாம் எழுந்து திரைக்குச் சல்யூட் அடிக்க வேண்டும் என்று உத்தரவு பறந்தது. அவரும் எதற்கும் இருக்கட்டும் என்று, திரையில் யார் தெரிந்தாலும் அடித்துவைத்தார். வாராந்தரக் கூட்டத்தில் 'சல்யூட் வளர்ச்சி' வரைபடம் மேலே மேலே ஏறியது.

"எல்லாம் சரி சார், பெட்டிதான் குறையுது," என்றார் கிடங்கு மேலாளர்.

"கிடங்குன்னா பெட்டி குறையத்தான் செய்யும். வியாபாரம் நடக்குதுன்னு அர்த்தம்."

"விக்காத பெட்டி குறையுது சார்."

"அது உங்க விற்பனைத் துறையோட பலவீனம்," என்று கர்னல் கூட்டத்தை முடித்துவைத்தார்.

ஒருநாள் மத்தியானம் கர்னல், மேலாளரும் மைத்துனரும் பின்தொடர, வாசலைப் பார்வையிட வந்தார். அங்கே கேட்காரர் ஒரு ஆளைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். அந்த ஆளின் தோளில் தொங்கிய பையிலிருந்து லேப்டாப் ஒன்று எட்டிப் பார்த்தது.

"திருடன் சார்! கையும் களவுமாப் புடிச்சுட்டேன்!"

கர்னலின் முகம் சிவந்தது. "சல்யூட் எங்கே?"

"கையை எடுத்தா ஓடிருவான் சார்!"

"முதல்ல மரியாதை. அப்புறம்தான் அறிக்கை!"

கேட்காரர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் தரையைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. திருடன் ஓடவில்லை. குதிகால்கள் டக்கென்று ஒட்ட, நெஞ்சு நிமிர, புருவத்தைத் தொட்டு ஒரு சல்யூட் அடித்தான். ஓய்வுபெற்ற பிறகு அப்படி ஒன்றைக் கர்னல் கண்டதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"எங்கே கத்துக்கிட்டேப்பா?"

"ஜெயில்ல சார். வார்டருக்கு தினம் காலையில அடிக்கணும்."

"பாத்தியா?" என்று கர்னல் மைத்துனர் பக்கம் திரும்பினார். "அரசாங்கப் பயிற்சி அரசாங்கப் பயிற்சிதான்!"

விசாரணை உடனே அங்கேயே நடந்தது. அதிகாரியின் எதிரில் ஒருவரைக் கட்டிப்பிடித்தது, சல்யூட் அடிக்கத் தவறியது, அதற்குக் காரணம் வேறு சொன்னது என்று கேட்காரர் மீது குற்றங்கள் நிரூபணமாயின. வேலை போயிற்று. சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தான் குறையாமல் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையாயிற்று.

"சார், இந்த வயசுல நான் எங்க சார் போவேன்?" என்றார் கேட்காரர். அந்தக் குரலைக் கேட்டால் வெள்ளையடித்த கல்லும் கரைந்திருக்கும். கர்னல் கரையவில்லை. கல்லுக்கும் கர்னலுக்கும் உள்ள பதவி வித்தியாசம் அது.

காலியான இடத்துக்குத் தகுதியும் பயிற்சியும் உள்ள ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் விளம்பரச் செலவு மிச்சமாயிற்று. திருடன் வாசலின் மேற்பார்வையாளர் ஆனான். அவன் அடித்த சல்யூட்டில் கர்னலின் தோள்வலி பறந்தது. வீட்டில் மனைவிக்குக் காய்கூட நறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கிடங்கு முற்றத்தில் 'மாபெரும் சல்யூட் அணிவகுப்பு' நடந்தது. காவலர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். கேட்காரர் சீருடையைச் சுமந்துகொண்டு சாதாரணச் சட்டையில் வந்து ஓரமாக நின்றார். அப்போது கிடங்குக்குள்ளிருந்து ஒரு வேன் கிளம்பியது. கதவு மூட முடியாதபடி உள்ளே லேப்டாப் பெட்டிகள். ஓட்டியவன் மேற்பார்வையாளர். அவன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கர்னலுக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

கர்னல் பதில் சல்யூட் அடித்தார். அவன் கையை இறக்கவில்லை. இவரும் இறக்கவில்லை. காவலர்களும் இறக்கவில்லை.

"சார், பெட்டி போகுது சார்! கேட்டை மூடச் சொல்லுங்க!" என்று கத்தினார் கேட்காரர். வரிசையில் ஒரு விரல்கூட அசையவில்லை. கர்னலின் நெஞ்சு பெருமையில் விம்மியது. கேட்காரர் சீருடையைக் கீழே போட்டுவிட்டு வேனின் பின்னால் ஓடினார். வாசலில் அதன் பின்கதவைப் பிடித்துத் தொங்கினார். தெருமுனையில் விழுந்தார். கூடவே ஒரு பெட்டியும் விழுந்தது. முழங்காலில் ரத்தம் வழிய, அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பி வந்தார்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். கர்னல் என்று தெரிந்ததும் சல்யூட் அடித்தார். விசாரணை பாதி முடிந்தது.

"வேன் உங்க முன்னாடியேதான் போயிருக்கு. நீங்க என்ன சார் பண்ணீங்க?"

"பதில் சல்யூட் அடிச்சேன்."

"வேற யார்மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"எங்க ஆளுங்க அத்தனை பேரும் அட்டென்ஷன்ல நின்னாங்க. ஓடினது இவன் ஒருத்தன்தான். பெட்டியும் இவன் கையிலதான் இருக்கு."

வாதத்தில் ஓட்டை இல்லை. கேட்காரரின் கையில் விலங்கு ஏறியது.

"அத்தான், அவர் நல்ல மனுஷன் அத்தான்," என்றார் மைத்துனர்.

"எனக்கு மட்டும் அவன்மேல என்ன கோபம்?" என்றார் கர்னல் பெருந்தன்மையோடு. "கொஞ்ச காலம் உள்ள இருக்கட்டும். தினம் காலையில சல்யூட் சொல்லிக் குடுப்பாங்க. நல்லாக் கத்துக்கிட்டு வந்தான்னா, நாமளே வேலைக்கு எடுத்துக்கலாம்."

கேட்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் கடந்து போகும்போது கர்னல் நிமிர்ந்து நின்றார். அவர் வலது கை பாதி தூக்கியபடி காத்திருந்தது. கேட்காரர் இந்த முறையும் சல்யூட் அடிக்கவில்லை. இரண்டு கையும் விலங்கில் இருந்தனவாம். அதெல்லாம் ஒரு சாக்கா?